விளக்கேற்ற ஒரு சுமங்கலி

ஜனவரி 5, திங்கள்

அரையாண்டு விடுமுறை முடிந்து விடுதிக்கு வந்துவிட்டேன். அறக்கட்டளையில் எங்கள் எல்லோருக்கும் டைரி கொடுத்தார்கள். அட்டையில் ஒரு பெரியவர் படம் இருக்கிறது. கோமளவல்லி அம்மாவின் கணவர். அவர் இறந்த பிறகு அவர் பெயரில் அந்த அம்மா தொடங்கியதுதான் இந்த அறக்கட்டளை. அவர்கள்தான் எங்களைப் படிக்க வைக்கிறார்கள்.

பக்கத்துக் கட்டிலில் பெனிட்டா. வேளாங்கண்ணிப் பக்கத்துப் பெண். அவள் பேசிக்கொண்டே இருப்பாள், நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். அதனால் எங்களுக்குள் சண்டை வருவதில்லை.

மாலையில் வார்டன் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். பிப்ரவரி எட்டாம் தேதி ஆண்டு விழா. இந்த முறை ஒவ்வொரு மாணவியின் அம்மாவும் நேரில் வர வேண்டும். அடுத்த வருடப் படிப்புக்கான அனுமதி அட்டையைக் கோமளவல்லி அம்மா தாயின் கையில்தான் கொடுப்பார்கள். அம்மா வராவிட்டால் அட்டை இல்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ராத்திரி உப்புமா இறங்கவில்லை.

ஜனவரி 6, செவ்வாய்

ஏன் பயம் என்று எழுதிப் பார்த்தால் குறையுமோ என்று எழுதுகிறேன்.

என் அப்பா கலியமூர்த்தி விசைப்படகில் வேலை செய்பவர். நான் பத்தாவது படித்த வருடம் கார்த்திகைப் புயலில் அவர் போன படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் கோடியக்கரைப் பக்கம் ஒதுங்கினார்கள், உயிரோடு இல்லை. அப்பா ஒதுங்கவில்லை. கடலில் காணாமல் போனால் அரசாங்கத்தில் இறப்புச் சான்றிதழ் வாங்க ஏழு வருடம் ஆகுமாம். அதனால் ஊர்ப் பஞ்சாயத்தில், இவர் இறந்துவிட்டார் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் குமரவேல் மாமா எனக்கு அறக்கட்டளையில் விண்ணப்பம் போட்டார். 'தந்தையை இழந்த மாணவிகளுக்கு' என்பது அவர்கள் விதி. அப்பா பெயருக்கு முன்னால் மாமா 'லேட்' என்று எழுதினார். அம்மா கையெழுத்துப் போட்டாள்.

ஆனால் அம்மா தாலியைக் கழற்றவில்லை. தினமும் குளித்துவிட்டு நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, வகிட்டில் குங்குமம். பூ கிடைத்த நாளில் பூ. யாராவது கேட்டால், "ஒதுங்குனவங்கல்லாம் செத்தாங்க. அவுரு ஒதுங்கலியே" என்பாள்.

நான் அம்மா மாதிரி இல்லை. எனக்கு எதிர்பார்ப்பு ஒன்றும் கிடையாது.

விழாவுக்கு அம்மா அந்தப் பொட்டோடு வருவாள். அதுதான் பயம்.

ஜனவரி 9, வெள்ளி

பதினோராம் வகுப்பில் நான் எடுத்திருப்பது செவிலியர் தொழிற்பிரிவு. இன்று தலையில் கட்டுப் போடப் பழகினோம். பெனிட்டா தலைக்கு நான் கட்டினேன். "ஏய் சுகப்பிரியா, காது வலிக்குதுடி, காதுலயா அடிபட்டுச்சு?" என்று கத்தினாள். ஆனால் டீச்சர் என் கட்டைத்தான் எல்லோரும் வந்து பார்க்கச் சொன்னார். எப்படிக் கட்டினாய் என்று சொல்லு என்றார். எனக்கு வாய் வரவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டிக் காட்டினேன்.

துணி துவைக்கும்போது பெனிட்டா போன வருடக் கதையைச் சொன்னாள். நளினா என்று ஓர் அக்கா இருந்தாளாம். அவள் அப்பா வேறு ஒருத்தியோடு திருப்பூருக்குப் போய்விட்டார். வீட்டில் செத்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். யாரோ அவரைப் பார்த்துவிட்டு வந்து செயலாளர் சபாநாயகம் சாரிடம் சொல்லிவிட்டார்கள்.

"பொட்டி படுக்கையோட அன்னைக்கே அனுப்பிட்டாங்க. பரிச்சைகூட எழுத விடல."

"அப்புறம் அந்த அக்கா என்ன ஆனாங்க?"

"எறா கம்பெனிக்குப் போவுதாம்."

பத்தாவது முடித்த பிறகு ஒரு வருடம் நானும் இறால் உரிக்கத்தான் போனேன். ஐஸ் தண்ணீரில் கை ஊறி, நகக்கண் எல்லாம் வெடித்துவிடும். சோறு பிசைந்தால் எரியும். பெனிட்டாவிடம் அதைச் சொல்லவில்லை.

ஜனவரி 15, வியாழன்

வீட்டில் பொங்கல். அம்மா வாசலில் பெரிய கோலம் போட்டாள். வாழைக்காயும் பரங்கிக்காயும் சமைத்தாள். அப்பாவுக்குப் பரங்கிக்காய் பிடிக்காது. "இது இனிப்பா, குழம்பா, ஒரு முடிவு சொல்லு" என்பார்.

குமரவேல் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. சாப்பிட்டுவிட்டு என்னைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டார்.

"விழாவுக்கு ஒங்கம்மா வரணுமாமே?"

"ஆமா மாமா."

"இந்தக் கோலத்துல போனா என்னாவும்? அந்த ஒரு நாளைக்காவது நெத்திய காலியா வச்சுக்கிட்டு வரச் சொல்லு. தாலிய உள்ள விட்டுக்கிட்டா தெரியாது. பூ வேணாம்."

"நீங்க சொல்லுங்க மாமா."

"நான் சொன்னா செருப்பத் தூக்கும். போன வருசம் கருமாதி பண்ணுவம்னு சொன்னதுக்கு மூணு மாசம் பேசல. நீ பெத்த புள்ள. நீ கேட்டாச் செய்யும்."

அதுதான் எனக்கும் பயம். நான் கேட்டால் அம்மா செய்துவிடுவாள்.

ஜனவரி 18, ஞாயிறு

தை அமாவாசை. எங்கள் செம்மணல்மேட்டுக் கரையில் விடிகாலையிலிருந்து வெளியூர்க் கார்கள். செத்துப்போன அப்பா அம்மாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வந்தவர்கள். எள்ளும் தண்ணீரும் விட்டு, முழுக்குப் போட்டு, பிறகு காருக்குப் பின்னால் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிடுகிறார்கள். அம்மா இந்த ஒரு நாள் மட்டும் வாசல் கதவைச் சாத்தியே வைப்பாள்.

நான் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். தலை ஈரத்தோடு ஓர் அக்கா கை கழுவத் தண்ணீர் கேட்டார். ஊற்றினேன்.

"இந்த ஊர்தானா? அப்பா மீன் பிடிக்கிறாரா?"

"ஆமாங்க்கா. கடலுக்குப் போயிருக்காரு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வது. வாய்ப் பழக்கம்.

சாயங்காலம் விடுதிக்குக் கிளம்பும்போது, பொட்டு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று அம்மா பின்னாலேயே நின்றேன். கண்ணாடி முன்னால் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். "என்ன, எண்ண வேணுமா தலைக்கு?" என்றாள். ஆமாம் என்றேன். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிவிட்டாள்.

ஜனவரி 19, திங்கள்

சொல்லவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

ஞாயிறு மட்டும் விடுதிப் போனில் பேசலாம். வரிசையில் பின்னால் எப்போதும் ஆள் நிற்கும்.

"அம்மா, விழாவுக்கு..."

"வாரன்டி. ரோஜாப்பூ கலர்ல ஒரு சேல இருக்குல்ல, அதக் கட்டிக்கிட்டு வாரன்."

"அது வேணாம்மா. சாதாரணமா வாங்க."

"ஏன்? நான் சேல கட்டுனா ஒனக்கு வெக்கமா?"

"இல்லம்மா. அங்க எல்லாரும்..."

பின்னால் பெனிட்டா, "சீக்கிரம் முடிடி, எங்கம்மா தூங்கிரும்" என்று முதுகில் தட்டினாள். வைத்துவிட்டேன்.

அங்கே எல்லோரும் எப்படி இருப்பார்கள் என்று அம்மாவுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

பிப்ரவரி 3, செவ்வாய்

கட்டுத்துணி வாங்க எங்களைக் கடைத்தெருவுக்கு அனுப்பினார்கள். பேருந்து நிலையத்தில் ஒருவர் முதுகைக் காட்டி நின்றார். கழுத்துக்குப் பின்னால் கறுத்து, வலை இழுப்பவர்களைப் போல இடது தோள் சற்று இறங்கி இருந்தது. டீக்கடை வரைக்கும் போய்ப் பார்த்தேன். எனக்குத் தாகமாக இருந்தது, அதனால்தான் அந்தப் பக்கம் போனேன். யாரோ ஒருவர். சோன்பப்டி விற்பவர். பெனிட்டா எங்கே போனாய் என்று திட்டினாள்.

உடற்கூறியல் தேர்வில் நான் இரண்டாவது. டீச்சர் என் தாளைத் தூக்கிக் காட்டினார். இப்படியே போனால் கல்லூரியில் சேர்ந்துவிடலாம் என்றார். அட்டை வந்தால்தான்.

பிப்ரவரி 7, சனி

நாளை பேருந்து நிலையத்தில் அம்மா இறங்கியதும் சொல்லிவிடுவேன். கர்ச்சீப்பை நனைத்து எடுத்துப் போவேன். வேறு வழி இல்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

அம்மா ரோஜாப்பூ நிறச் சேலையில் இறங்கினாள். தலை நிறைய மல்லிகை. பொட்டு எப்போதையும்விடப் பெரியது. வெயிலில் வேர்த்து மூக்கின் மேல் கொஞ்சம் குங்குமம் இறங்கியிருந்தது. என் கையில் ஈரக் கர்ச்சீப் இருந்தது. மூக்கை மட்டும் துடைத்துவிட்டேன்.

"நல்லாருக்கனா?" என்றாள்.

"நல்லாருக்கீங்க" என்றேன்.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில். தாய்மார்களுக்கென்று நாற்காலி வரிசைகள். சிலர் சின்னதாகக் கறுப்புப் பொட்டு ஒட்டியிருந்தார்கள். பலருக்கு அதுவும் இல்லை. தலையில் பூ யாருக்கும் இல்லை. அம்மா நடந்து போகும்போது ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. பெனிட்டாவின் அம்மா மட்டும் நகர்ந்து இடம் கொடுத்தார். நான் அம்மாவைத் தூணுக்குப் பின்னால் உட்காரச் சொன்னேன்.

"இங்கேருந்து ஒன்னும் தெரியாதேடி."

"தெரிய வேணாம்மா."

குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். அதற்கென்று அழைத்திருந்த அதிகாரியின் மனைவி வரவில்லை. மேடையில் சபாநாயகம் சார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோமளவல்லி அம்மா விளக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. அவர்கள் கையில் யாரும் மெழுகுவத்தியைக் கொடுக்கவில்லை.

அறக்கட்டளை ஆபீஸில் இருக்கும், இன்னும் கல்யாணமாகாத புவனா மிஸ் மேடையிலிருந்து இறங்கி வந்தார். "ஒரு சுமங்கலி இல்லாமப் போச்சே இந்த ஹால்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே வரிசை வரிசையாகப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. நான் அம்மாவுக்கு முன்னால் போய் நின்றேன். என் ஒல்லி உடம்பு எதை மறைக்கும்?

"அம்மா, நீங்க யாரு கூட வந்தீங்க? பரவால்ல, வாங்க வாங்க, நேரமாச்சு" என்று அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் நன்றாகப் படிப்பதால்தான் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பாள். செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறி, ஐந்து முகத்தையும் ஏற்றினாள். மின்விசிறிக் காற்றில் ஒன்று அணைந்தது. கையால் மறைத்துக்கொண்டு அதையும் ஏற்றினாள். கண்ணை மூடிக் கும்பிட்டாள். யாருக்காகக் கும்பிட்டாள் என்று எனக்குத் தெரியும். மண்டபமே கை தட்டியது.

அவளைக் கோமளவல்லி அம்மா பக்கத்திலேயே உட்கார வைத்துவிட்டார்கள்.

பிறகு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். என் பெயர் வரும்வரை நான் என் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சுகப்பிரியா, செம்மணல்மேடு. தந்தை, லேட் கலியமூர்த்தி. தாயார் வனரோஜா மேடைக்கு வரவும்."

அம்மா எழுந்தாள். பின்னால் ஒருத்தி சொன்னாள், "அடி ஆத்தே, வெளக்கேத்துனவளுக்குப் புருசன் இல்லியாம்டி!" யாரோ சிரித்தார்கள். இன்னொருத்தி, "அப்ப இருக்கான்னு அர்த்தம். நம்மள மாதிரியா இதுங்க" என்றாள். புவனா மிஸ் வாயைப் பொத்திக்கொண்டார். சபாநாயகம் சார் அட்டையைக் கோமளவல்லி அம்மாவிடம் நீட்டப் போனவர், இழுத்துக்கொண்டார்.

"நீங்க அப்புறமா ஆபீஸ் ரூமுக்கு வாங்க."

எனக்கு அப்போதே ஐஸ் வாடை அடித்தது.

அறையில் சபாநாயகம் சார், கோமளவல்லி அம்மா, நாங்கள் இருவர். சார் கோபமாகப் பேசவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"உங்க வீட்டுக்காரர் இருக்காரா இல்லையாம்மா?"

"கடலுக்குப் போனாரு. வரல."

"அப்போ இறந்துட்டார்?"

"வரல சார்."

"நான் கேட்கிறதுக்கு ஒரு வார்த்தையில பதில் சொல்லுங்க. பஞ்சாயத்துக் கடிதத்துல இறந்துட்டார்னு இருக்கு. நீங்க இப்படி வந்து நிக்கிறீங்க. போன வருஷம் ஒரு குடும்பம் எங்களை ஏமாத்துச்சு. உண்மையிலேயே அப்பா இல்லாத பொண்ணுங்க எத்தனையோ பேர் வெளியில காத்திருக்காங்க. நான் அவங்களுக்குப் பதில் சொல்லணும்."

அம்மா முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு இருந்தாள். அவளால் ஒரு பொய்யாவது சொல்ல முடியும் என்று நினைத்திருந்தேன். எனக்காக எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவாள். வாயால் மட்டும் அதைச் சொல்ல மாட்டாள்.

கோமளவல்லி அம்மா அழைப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தார்கள். "சபா, என் வீட்டுக்காரர் பேர்ல நடக்கிற விழா. பத்து அடி தள்ளி நான் உட்கார்ந்திருக்கேன். என்னை விட்டுட்டு ஊரெல்லாம் சுமங்கலி தேடினீங்க. இவங்களா வந்து ஏத்தினாங்க? நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க" என்றார்கள்.

"மேடம், அது சம்பிரதாயம். இது விதி."

"சரி. விதியையே கேளுங்க. அந்தப் பொண்ணு சொல்லட்டும். அவ பேச்சை நான் எடுத்துக்கிறேன்."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவும்.

வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தெரியாது என்று சொல்லிவிடலாம். அதுதான் அம்மாவுக்கு வேண்டிய பதில். தெரியாது என்றால் நாளை விடியும்போது நான் இறால் கம்பெனி வாசலில் நிற்பேன். ஆனால் அதற்காக மட்டும் நான் அதைச் சொல்லவில்லை. இரண்டு வருடம் தாண்டிவிட்டது. அப்பாவுக்குக் கரைக்கு வர வழி தெரியும். உயிர் இருந்தால் வந்திருப்பார்.

"அப்பா செத்துட்டாரு சார்."

என் குரல்தான். மின்விசிறிச் சத்தத்தை மீறிக் கேட்டது.

"அப்ப இந்தப் பொட்டு, பூவெல்லாம்?"

"அது அம்மா வச்சிருக்கிறது சார். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோமளவல்லி அம்மா அவர் மேசையிலிருந்து அட்டையை எடுத்து, எழுந்து வந்து, அம்மாவிடம் நீட்டினார்கள். அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவர்கள் முகத்தை அவள் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

பேருந்து நிலையம் வரை நடந்தோம். அம்மா முன்னால், நான் பின்னால். எல்லாம் போயிற்று, இனி என்னோடு பேச மாட்டாள் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். பேருந்தில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, என்னைக் கிட்டே வரச் சொன்னாள். அட்டையை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள்.

"பத்திரமா வச்சுக்க."

"அம்மா, நான் அப்டிச் சொன்னது..."

"கேட்டாங்க, சொன்ன. ஒனக்கு அப்பா இல்ல. எனக்கு வூட்டுக்காரரு இருக்காரு. ரெண்டும் இருந்துட்டுப் போவட்டும்."

பேருந்து கிளம்பியது. "சாப்புடு ஒழுங்கா. எலும்பெடுத்துப் போயிருக்க" என்று கத்தினாள்.

பிப்ரவரி 9, திங்கள்

பள்ளிக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று வார்டனிடம் சொன்னேன். தொட்டுப் பார்த்துவிட்டுக் கஞ்சி கொடுத்தார்.

அப்பாவுக்குப் பரங்கிக்காய் பிடிக்காது. கருவாட்டுக் குழம்பு என்றால் சட்டியோடு சாப்பிடுவார். படம் பார்த்தால் பாதியில் தூங்கிவிடுவார். எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன் என்று பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார், விடவே மாட்டேன் என்றார், கடைசிவரை விடவில்லை, அதனால் எனக்கு இன்னும் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

இதற்கு மேல் இன்றைக்கு எழுத முடியவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

செய்முறை வகுப்புக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு புது சிஸ்டர் வந்தார். நாடி பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடிக்க வேண்டும். பெனிட்டா கையைப் பிடித்தேன். விரலுக்கடியில் அது துடித்துக்கொண்டே இருந்தது. எண்ண ஆரம்பித்தேன். எண்ண முடியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தமாக, எல்லோரும் பார்க்க அழுதேன். நிறுத்தத் தெரியவில்லை. பெனிட்டா முதல் தடவையாக ஒன்றும் பேசாமல் இருந்தாள்.

சிஸ்டர் ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னம்மா? என்ன ஆச்சு?"

"எங்க அப்பா செத்துட்டாரு சிஸ்டர்."

"ஐயோ. எப்பம்மா?"

"ஞாயித்துக்கெழம" என்றேன்.